இரண்டாவது விருப்பு

என் சட்டைப்பையில் இரண்டு வாக்காளர் அட்டைகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது, மற்றது மகனுடையது. மகன் வரப்போவதில்லை என்பது இந்த வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வீட்டில் வைத்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை, அட்டைதானே, கனக்கவா போகிறது என்று எடுத்து வைத்துக்கொண்டேன், இப்போது கனக்கிறது. பாடசாலைக் கேற்றிலிருந்து வகுப்பறை வாசல் வரைக்கும் எனக்கு முன்னால் இருபத்தாறு பேர். நின்றால் எண்ணுவேன், முப்பத்திரண்டு வருசம் தபால்காரனாக இருந்தவனுக்கு அது போகாத வியாதி. ஓராளுக்கு ஒன்றரை நிமிசம் என்று வைத்தாலும் நாற்பது நிமிசம். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன், பிள்ளையார் கோயில் வளைவு வரைக்கும் அந்த முடிவு என்னோடு வந்தது, வளைவில் அந்தச் சுவரொட்டியைக் கண்டதும் அது எங்கேயோ விழுந்துவிட்டது, பிறகு பாடசாலை மதிலடியில் திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டது. குடைச் சின்னத்துக்குப் போடுவது. அதுதான் முடிவு. மனதுக்குள் சொல்லும்போதே யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று பக்கத்தில் பார்க்கிறேன். வெட்கம் கெட்டவன் நான். ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் பிள்ளை வருமா.

முப்பத்தைந்து பேர் ஜனாதிபதிப் பதவிக்கு நிற்கிறார்களாம், வாக்குச்சீட்டு என் முழங்கை நீளம் வருமென்று வானொலியில் சொன்னார்கள், அதில் மூன்று பேரைத்தான் எங்கள் ஊர் பேசுகிறது. ஏணிச் சின்னத்துக்காரர் பழைய மந்திரி, போன தடவையும் காணாமற்போன பிள்ளைகளின் பட்டியலை வெளியிடுவேன் என்று சொல்லி எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு போனவர், பட்டியலும் இல்லை, அவரும் இந்தப் பக்கம் இல்லை, இப்போது அதே வாயால் அதே சொல்லு. சாவிச் சின்னத்தில் எங்கள் ஆள் ஒருவர், தமிழர், நல்ல மனிதர், வெல்ல மாட்டார் என்று அவரே மேடையில் சொல்கிறார். மூன்றாவது குடை. எனக்கு முன்னால் நிற்கும் யோகநாதன், மில் வைத்திருக்கிறவன், ஊருக்கெல்லாம் மாவும் மிளகாய்த்தூளும் அரைத்துக் கொடுப்பதோடு அபிப்பிராயமும் அரைத்துக் கொடுப்பான், திரும்பி நின்று, "தில்லையண்ணை, சாவிக்கு ஒண்டு போடுங்கோ, அதோடை விடுங்கோ. ரெண்டு, மூண்டு எண்டு விருப்பு ஒருத்தனுக்கும் போட வேண்டாம் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லியிருக்கினம்" என்றான். "ரெண்டு போட்டால் என்ன வரும்?" என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன். "முதல் எண்ணுறதிலை ஒருத்தனுக்கும் அரைவாசிக்கு மேலை வரேல்லை எண்டால், தோத்தவைக்கு ஒண்டு போட்ட சீட்டுகளை எடுத்து, அதிலை ரெண்டு ஆருக்கெண்டு பாப்பினம். நீங்கள் ரெண்டைக் குடைக்குப் போட்டால் உங்கடை வாக்கு நேரை அவன்ரை மடியிலை போய் விழும்." "அவன்" என்று சொன்னபோது நிலத்தில் துப்பினான். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது. ஒன்றையே குடைக்குப் போட நினைத்துக்கொண்டு நிற்கிறவன் நான் என்று தெரிந்தால் எனக்கும் சேர்த்துத் துப்பியிருப்பான், அதில் பிழையும் இல்லை.

குடைக்காரன் அவனேதானா என்று முதலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பதினைந்து வருசம் பெரிய காலம். சுவரொட்டியில் வெள்ளை உடுப்பு, வழுக்கை, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் மாலை, சிரிப்பு. யுத்தம் முடிந்த கிழமை பாலத்தடியில் கண்டபோது இராணுவச் சீருடை, தொப்பி, முகமெல்லாம் புழுதி. ஆனால் பேப்பரில் அவன் வேட்புமனுவில் ஒப்பமிடும் படம் வந்தது, அதில் பேனையை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பிடித்திருந்தான். ஆயிரம் பேர் ஒப்பம் வைப்பதைப் பார்த்தவன் நான். அப்படிப் பிடித்து எழுதின ஒரே ஆளைத்தான் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, மேசையில் நீல மட்டைக் கொப்பி, இந்தப் பக்கம் நாங்கள், தண்ணீர் இல்லை, சனம் சனமாகக் குந்தியிருந்தது, ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். என் மகன் ரூபன் ஒரு நாள் இல்லை, ஒன்பது மாதம் இருந்தவன், அதுவும் இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தது. இருபத்திரண்டு வயது. "அப்பா, சனத்தோடை சனமாய் போயிடுவம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். அவன் சொன்னது சரி. அப்படிப் போன பிள்ளைகள் இன்றைக்குக் கனடாவில் இருக்கிறார்கள், கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு படம் அனுப்புகிறார்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். "பதிஞ்சுபோட்டு வா மோனை. பதிஞ்சது துலையாது" என்றேன். தபால்காரன் புத்தி. சாதாரணக் கடிதம் தொலையும், மழையில் நனையும், நாய் இழுத்துக்கொண்டு போகும், பதிவுத் தபால் தொலையாது, எந்தத் தபால் கந்தோரில் எந்த நாள் யார் கையில் இருந்தது என்று புத்தகத்தில் இருக்கும், ஒப்பம் இருக்கும். அதை நம்பித்தான் பிள்ளையை மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அவன் கேட்டான், நல்ல தமிழில் கேட்டான், "பெயர்?" தில்லையம்பலம் ஜெயரூபன் என்று நான் சொன்னேன், பிள்ளை சொல்ல முந்தி நான் சொன்னேன். எழுதினான். எழுதிவிட்டுப் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தான். "கவலைப்படாதீங்க ஐயா, ரெண்டு நாள்" என்றான். ரூபன் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்து சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான், அடையாள அட்டை இருக்கிறதாம். நான் கையைக் காட்டினேன். ஒப்பம் எதுவும் வாங்கவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுகூட வாங்காமல் வந்தவன் நான்.

பதினேழு பேர். வெயில் ஏறுகிறது, வேப்பமரத்து நிழல் எங்களை விட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏன் குடைக்கு என்றால், கொண்டுபோனவனுக்குத்தானே வைத்த இடம் தெரியும். ஏணிக்காரனுக்கு என்ன தெரியும், அவன் தேடப்போனாலும் இவனிடம்தான் கேட்க வேண்டும். சாவிக்காரர் பாவம், எங்களோடு சேர்ந்து அழுவார். இவனுக்குத் தெரியும். அந்த நீலக் கொப்பி இவனிடம் இருக்கும், அல்லது எங்கே இருக்கிறதென்று தெரியும். வென்ற சந்தோசத்தில் மனிதனுக்கு மனம் இளகும், கதவு ஒன்றைத் திறந்துவிடச் சொல்லலாம், வெசாக் பண்டிகைக்கு மறியலில் கிடக்கும் கைதிகளை விடுவதில்லையா. தோற்றால்? தோற்றால் ஆத்திரம் வரும். யார் வாக்குப் போடவில்லை என்று பார்ப்பான், இந்தப் பக்கத்துச் சனம்தான் போடவில்லை என்று தெரியும், அந்த ஆத்திரம் யார் மேல் போகும். எல்லாச் சாவடிப் பெட்டியையும் ஒன்றாகக் கலந்துதான் எண்ணுவார்கள், யார் போட்டதென்று ஒருவருக்கும் தெரியாது, எனக்கு இது தெரியும், தெரிந்தும் விடிய விடிய இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன், எங்கள் சாவடியில் குடைக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்திருப்பதாகவும், அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தச் சீட்டைப் பார்த்து, இது யார், ஜெயரூபனின் தகப்பனா என்று கேட்பதாகவும். பைத்தியம்தான். மனைவி மலருக்குச் சொன்னால் அப்படித்தான் சொல்லுவாள்.

மலர் வரவில்லை. தன் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டாள், என் கண்ணுக்கு முன்னால். நான் வேட்டி கட்டும்போது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஆருக்கெண்டாலும் போடுங்கோ. அந்தாளுக்கு மட்டும் போட்டுட்டு இந்தப் படி ஏறாதேங்கோ" என்றாள். எப்படித் தெரியும் இவளுக்கு. நான் வாய் திறக்கவில்லை. பேப்பரில் அந்தப் படத்தை நான் எத்தனை தரம் விரித்துப் பார்த்தேன் என்று அவள் எண்ணியிருப்பாள். ரூபனைப் பற்றி அவள் பேசுவதை நிறுத்தி ஏழு வருசம். ஒரு நாள் அவனுடைய சேட்டுகளை மடித்து யோகநாதன் வீட்டு மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள், அன்று சமைத்தாள், சாப்பிட்டாள், அதோடு சரி. அவளுக்கு அவன் போய்விட்டான். நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வருசத்துக்கு ஒருதரம் எங்கள் கிராம அலுவலர், விதானை, வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கொண்டுவருவார், வீட்டிலிருக்கும் ஆட்களின் பெயர் எழுத வேண்டும். முதலில் நான், பிறகு இராசமலர், பிறகு ஜெயரூபன், தொழில் தோட்டம். விதானை நல்ல மனிதர், முதல் வருசம், "அண்ணை, ஆள் இஞ்சை இல்லையே" என்றார். "வேலையாய் போயிருக்கிறான்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், படிவத்தை மடித்துப் பையில் வைத்தார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. எழுதாமல் விட்டால் வெட்டிவிடுவார்கள். என் கையாலேயே அவன் பெயரை வெட்டுவேனா. தபால் கொடுத்த காலத்தில் செத்தவர்களுக்கும் வாக்காளர் அட்டை வரும், வீட்டுக்காரர் அதை வாங்காமல் அழுவார்கள், நான் பின்பக்கத்தில் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன், ஒருதரம்கூட யோசித்ததில்லை. இந்தமுறை ரூபனின் அட்டையைக் கொண்டுவந்த புதுத் தபால்காரப் பிள்ளை, "இவர் வீட்டிலை நிக்கிறாரோ ஐயா?" என்று கேட்டாள். "நிக்கிறான், தாங்கோ" என்றேன்.

உள்ளே வந்துவிட்டேன். எப்படி வந்தேன், இருபத்தாறு பேரும் எங்கே போனார்கள். மூன்றாம் வகுப்பு, சுவரில் பிள்ளைகள் ஒட்டின படங்கள், மாம்பழம், முயல், அம்மா. நீள மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தர்கள், அந்தப் பக்க வாங்கில் கட்சி முகவர்கள், எல்லாம் எங்கள் ஊர்ப் பெடியள், எல்லாருடைய தகப்பன்மாருக்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன். யோகநாதன் விரலில் மையோடு மறைப்புக்குப் பின்னால் போகிறான். என் அட்டையையும் அடையாள அட்டையையும் நீட்டினேன். முதல் உத்தியோகத்தர் உரத்து வாசித்தார், "முந்நூற்றுப் பதினொண்டு, சின்னத்தம்பி தில்லையம்பலம்." அடுத்ததாக இருந்த பெண்பிள்ளை, வெளியூர், சின்னப் பிள்ளை, பட்டியலில் அடிமட்டத்தை வைத்து என் பெயருக்கு மேல் கோடு இழுத்தாள். தலைகீழாக வாசிக்கிறது எனக்குப் பழக்கம், கடிதக்கட்டு கையில் எந்தப் பக்கம் இருந்தாலும் விலாசம் கண்ணில் படும். முந்நூற்றுப் பதினொன்று கோடு விழுந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு இராசமலர், கோடு இல்லை, அவள் வரவில்லை. முந்நூற்றுப் பதின்மூன்று தில்லையம்பலம் ஜெயரூபன். கோடு கிடந்தது. நேரான கோடு, சிவப்பு மை, முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும். வந்து வாக்குப் போட்டவர்களுக்குத்தான் கோடு.

வந்துவிட்டான். இந்த வாசலால் வந்து இந்த மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறான், வீட்டுக்கு வரப் பயந்து, இங்கே வந்தால் அப்பா வருவார் என்று. அடையாள அட்டை இல்லாமல் விடமாட்டார்கள், அவனுடைய அட்டை அவனிடம்தான் இருக்கிறது, சட்டைப்பையைத் தட்டிக் காட்டினானே. முப்பத்தேழு வயது. தாடி வைத்திருப்பான். வெளியே ஓடிப் பார்க்கத் திரும்பினேன், கோட்டை இன்னொருதரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். நான் பட்டியலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "இவர் உங்கடை மகனோ ஐயா? அவர் வோட்டுப் போட்டிட்டார்" என்றாள். மரியாதையாகச் சொன்னாள். பதினைந்து வருசத்தில் அரசாங்க ஆள் ஒருவர் என் மகன் ஒரு காரியம் செய்ததாகச் சொன்னது இதுதான் முதல்தடவை. முகவர்கள் இருந்த வாங்கைப் பார்த்தேன். ஒருவன் சுவரில் இருந்த முயலைப் பார்த்தான், ஒருவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து பூட்டித் திறந்தான், மற்றவன் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டான். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. கள்ளவாக்கு. விடியவே யாரோ வந்து என் பிள்ளையின் பெயரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சத்தம் போட்டால் சாவடித் தலைவர் எழும்பி வருவார், உங்கள் மகன் எங்கே என்று கேட்பார், இல்லை என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்து ஒப்பமும் வைக்க வேண்டும், அடுத்த வருசம் பெயர் இருக்காது. சத்தம் போடாவிட்டால் இந்தத் திகதியில் என் மகன் உயிரோடு வந்து வாக்களித்தான் என்று அரசாங்கத்தின் புத்தகத்தில் இருக்கும். "ஓம் பிள்ளை" என்றேன். "வெள்ளனவே வந்திட்டான்." இடது கைச் சின்னவிரலைப் பிடித்து மை பூசினார்கள். குளிர்ந்தது.

அட்டைப்பெட்டி மறைப்புக்குப் பின்னால் நான் தனியே. சீட்டு உண்மையாகவே முழங்கை நீளம்தான், மேசையில் அடங்காமல் கீழே தொங்குகிறது. பன்னிரண்டாவது வரியில் ஏணி, பத்தொன்பதாவதில் சாவி, இருபத்தேழாவதில் குடை. பேனையை எடுத்துக் குடைக்கு நேரே கொண்டுபோனேன். எழுத வரவில்லை. இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. கள்ளவாக்குப் போடுகிறவன் வரக்கூடிய ஆளின் பெயரில் போடமாட்டான், உண்மையான ஆள் வந்து நின்றால் பிடிபடுவான். மலரின் பெயரில் கோடு இல்லை, அவள் எந்த நேரமும் மனம் மாறி வரக்கூடும். ரூபனின் பெயரை எடுத்திருக்கிறான் என்றால், அவன் வரவேமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்தவன். ஊர் முழுக்கத் தெரிந்துதான் இருக்கிறது. விதானைக்குத் தெரியும், செருப்பு வாரை இழுத்தவனுக்குத் தெரியும், மலருக்கு ஏழு வருசமாகத் தெரியும். எனக்கு ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை, மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள், இன்றைக்கு அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்தக் குடைக்காரனிடம் எனக்குக் கேட்க என்ன இருக்கிறது. பிள்ளையைக் கொன்றவனுக்கா நான் பெயரும் விலாசமும் சொல்லிக் கொடுத்தேன், அவனுக்கா இன்றைக்கு வாக்கும் கொடுக்க வந்தேன். கண் தெரியவில்லை, துடைத்துக்கொண்டேன். சாவிக்கு நேரே ஒன்று என்று எழுதினேன். வெல்லாத மனிதருக்கு. அழுதாலும் எங்களோடு அழுகிறவருக்கு. எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் ஆறினது, உண்மையாகவே ஆறினது, மடிக்கப்போனேன். மடிக்கும்போது, அப்படியென்றால் அடையாள அட்டை எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி. காட்டாமலே விட்டிருப்பார்கள். விட்டிருப்பார்கள்தான். இந்தப் பெண்பிள்ளை வெளியூர், அவளுக்கு என்ன தெரியும். அடிமட்டம் ஒரு வரி சறுக்கி வேறு யாருக்கோ விழவேண்டிய கோடு விழுந்திருக்கலாம். விழுந்திருக்கலாம். ஆனால் இருந்தால். எங்கேயாவது ஓர் அறையில், யன்னல் இல்லாத ஓர் அறையில், கதவுக்கு வெளியே நிற்பவன் குடைக்காரனின் ஆளாக இருந்தால். நான் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று அந்தக் கதவுக்குத் தெரிந்தால். மடிப்பை விரித்தேன். வெளியே, "ஐயா, முடிஞ்சுதோ?" என்று கேட்டார்கள். "இந்தா வாறன்" என்றேன். குடைக்கு நேரே, சின்னதாக, இரண்டு என்று எழுதினேன். சீட்டைப் பெட்டிக்குள் போட்டபோது அது முழுக்க உள்ளே போகவில்லை, விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தது.

வரும் வழியில் சுவரொட்டியை நான் பார்க்கவில்லை. மலர் குசினி வாசலில் குந்தியிருந்து அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். படியில் ஏறமுன் நின்றேன். நிமிராமலே கேட்டாள், "அந்தாளுக்கு ஒண்டு போட்டனீங்களோ?" "இல்லை" என்றேன். உண்மைதான். "சாவிக்குத்தான் ஒண்டு." கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு, "சரி, வாங்கோ, தேத்தண்ணி கிடக்கு" என்றாள். ஏறினேன். வாங்கில் குந்தி, சட்டைப்பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் பாட்டில் ஏழு வருசமாக அமைதியாக இருக்கிறவள், தெரிந்து முடித்தவள், அவளுக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்தேன். "ரூபன்ரை பேரிலை கோடு கிடக்கு மலர். வந்து வோட்டுப் போட்டதெண்டு" என்றேன். "ஆரோ பெடியள் செய்த வேலை." ஒரு காம்பை எடுத்து இலையை உருவிச் சுளகில் போட்டாள், அடுத்த காம்பை எடுத்தாள். அதில் இலை இருந்தது, உருவவில்லை, கையில் வைத்துக்கொண்டு தெருவாசலைப் பார்த்தாள், அதற்கு அப்பால் ரோட்டைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்காம்?" என்று கேட்டாள்.